கண்ணாடியைக் கழற்றப் பத்து வருஷம்!



காதல் கவிதைக்கும் அம்மா கவிதைக்கும் இந்த மலரில் பஞ்சம் இருக்கப் போவதில்லை. அந்தத் துறைகளில் நம் யூனியனில் ஏற்கெனவே ஜாம்பவான்கள் இருக்கிறார்கள். எனவே நான் ஒரு கண்ணாடியைப் பற்றி எழுதுகிறேன். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை. கேமராவுக்குள் ஒளிந்திருக்கிற கண்ணாடி.

அந்தக் கண்ணாடியைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? நம் ஃபிட்டிங் ஷாப் ஆசாமி யாரிடமாவது ஒரு சின்ன ஸ்க்ரூட்ரைவரைக் கொடுத்தால், டீ ஆறுவதற்குள் கழற்றி மேஜை மேல் வைத்துவிடுவான். ஆனால் உலகத்திலேயே நன்றாகக் கேமரா செய்யத் தெரிந்த கம்பெனிகளில் ஒன்றான ஜப்பானின் நிக்கானுக்கு அதை மனசாரக் கழற்ற 2011லிருந்து 2021 வரை, முழுசாகப் பத்து வருஷம் பிடித்தது. இத்தனைக்கும் கழற்றுவது எப்படி என்று அவர்களுக்கு முதல் வருஷமே தெரியும்!

தெரிந்தும் ஏன் செய்யவில்லை? என் கட்சி இதுதான்: புதுசை அவர்கள் செய்யாமல் இல்லை, பாதி மனசோடு செய்தார்கள். பாதி மனசோடு செய்வது, செய்யாமலே இருப்பதைவிட மோசம். டிப்ளமோவை முடித்துவிட்டு வெளியே போகப் போகிற நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கண்ணாடிக்கு என்ன வேலை?

எஸ்.எல்.ஆர். கேமராவைக் கல்யாண வீட்டில் பார்த்திருப்பீர்கள். தலையில் கொண்டை போட்ட மாதிரி ஒரு மேடு இருக்கும். கொண்டைக்குள் பென்டாப்ரிசம் என்கிற கண்ணாடிக் கட்டி. அதற்குக் கீழே 45 டிகிரி சாய்வில் நம் கதாநாயகன். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் இந்தக் கண்ணாடியில் பட்டு மேலே போய், ப்ரிசத்துக்குள் திரும்பி, நம் கண்ணுக்கு வந்து சேருகிறது. லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதையே நாமும் பார்க்கிறோம். பட்டனை அமுக்கினால் கண்ணாடி 'டப்'பென்று மேலே மடங்கும், ஷட்டர் திறக்கும், சென்சாரில் படம் விழும், கண்ணாடி மறுபடி கீழே வந்து உட்காரும்.

கேட்க சுலபமாத்தான் இருக்கு. ஆனால் 2020ல் வந்த நிக்கான் டி6 நொடிக்கு 14 படம் எடுக்கும். அப்படியென்றால் ஒரு நொடியில் 14 தடவை கண்ணாடி மேலே போய், கீழே வந்து, ஆட்டம் அடங்கி, அதே 45 டிகிரியில் நிற்க வேண்டும். லிவர், ஸ்ப்ரிங், டாம்பிங் என்று நம் மெக்கானிக்கல் சிலபஸில் பாதி ஒரு தீப்பெட்டி அளவு இடத்துக்குள் நடக்கிறது!

இன்னும் இருக்கிறது. கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் வெளிச்சத்தை ஊடுருவ விடும். அதன் முதுகில் ஒரு குட்டிக் கண்ணாடி; அது வெளிச்சத்தைக் கீழே திருப்பி, கேமராவின் அடித்தளத்தில் இருக்கும் ஆட்டோஃபோகஸ் சென்சாருக்கு அனுப்பும். ஆக, லென்ஸிலிருந்து படச் சென்சார் வரை ஒரு தூரம், ஃபோகஸ் ஸ்க்ரீன் வரை ஒரு தூரம், ஆட்டோஃபோகஸ் சென்சார் வரை ஒரு தூரம். மூன்றும் ஒன்றாக இருந்தாக வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் மாப்பிள்ளை கண்ணில் நிற்க வேண்டிய ஃபோகஸ் காதில் போய் நிற்கும். டாலரன்ஸ் என்றால் என்ன என்று வைவாவில் கேட்டால் இனிமேல் இந்த உதாரணத்தைச் சொல்லலாம். இந்தப் பிசகைச் சரிக்கட்டுவதற்காகவே நிக்கான் 2007ல் வந்த டி3, டி300 கேமராக்களில் ஃபைன்-டியூன் என்று தனியாக ஒரு மெனு வைத்தது. அதாவது, பொருளின் அமைப்பிலேயே உள்ள ஒரு சிக்கலை வாங்குகிறவனே திருத்திக்கொள்ள ஒரு வசதி!

கண்ணாடி மடங்க இடம் வேண்டும் அல்லவா? அதனால் லென்ஸைச் சென்சாருக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது. நிக்கானின் எஃப் மவுண்ட்டில் இந்த இடைவெளி 46.5 மில்லிமீட்டர். 24 மி.மீ. வைட் லென்ஸ் ஒன்றைச் சாதாரண அமைப்பில் செய்தால் அது சென்சாருக்குச் சுமார் 24 மி.மீ. பக்கத்தில் நிற்க வேண்டும். கண்ணாடி வந்து இடிக்கும். இடிக்காமல் இருக்க டெலிஃபோட்டோவைத் திருப்பிப் போட்ட மாதிரி கூடுதல் கண்ணாடிகளை வைத்து, சுற்றி வளைத்து லென்ஸ் கட்டினார்கள். கண்ணாடியைக் கழற்றினால் இந்தச் சுற்று மிச்சம். கேமரா மெலியும், சத்தம் நிற்கும். படச் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் மூன்று தூரம் என்ற பேச்சே கிடையாது. இதுதான் மிரர்லெஸ்.

1959ன் பெருமை

நிக்கானை மட்டமாகச் சொல்வது என் நோக்கம் இல்லை. 1917ல் நிப்பான் கோகாகு என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி அது. 1959ல் நிக்கான் எஃப் என்ற எஸ்.எல்.ஆரைக் கொண்டுவந்தது. அதுதான் முதல் எஸ்.எல்.ஆர். என்று சொல்ல முடியாது; ஆனால் பத்திரிகைக்காரன் நம்பித் தோளில் மாட்டிக்கொண்டு போகிற கருவியாக எஸ்.எல்.ஆரை மாற்றியது அது. வியட்நாம் போர்க்களத்துக்கும் போனது. 1971ல் அப்பல்லோ 15 விண்கலத்திலும் நிக்கான் போனது.

அந்த 1959 கேமராவில் லென்ஸ் மாட்டுகிற வளையம்தான் எஃப் மவுண்ட். அதைக் கடைசி வரை நிக்கான் மாற்றவே இல்லை. அப்பா வாங்கிய லென்ஸைப் பிள்ளை தன் கேமராவில் (சில நிபந்தனைகளோடு) மாட்டலாம். வாடிக்கையாளருக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா?

1985ல் மினோல்டா 7000 வந்து ஆட்டோஃபோகஸைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தபோது நிக்கானுக்கும் கேனனுக்கும் ஒரே கேள்வி எழுந்தது: பழைய வளையத்தை வைத்துக்கொள்வதா, தூக்கிப் போடுவதா?

நிக்கான் வைத்துக்கொண்டது. 1986ல் வந்த எஃப்-501 கேமராவில் மோட்டார் கேமராவுக்குள் இருந்தது. ஒரு குட்டி ஸ்க்ரூட்ரைவர் முனை வளையத்தின் வழியாக நீட்டிக்கொண்டு லென்ஸைத் திருகும்.

கேனன் தூக்கிப் போட்டது. 1987ல் எஃப்.டி. மவுண்ட்டுக்கு முழுக்கு; புதிதாக இ.எஃப். மவுண்ட். மோட்டார் லென்ஸுக்குள்ளேயே, கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே வெறும் மின்தொடர்பு மட்டும். வாயும் 54 மி.மீ. அகலம், நிக்கானுடையது 44. எஃப்.டி. லென்ஸ் வைத்திருந்தவர்கள் வயிறெரிந்து திட்டினார்கள். நியாயமான கோபம்தான்; நேற்று வாங்கிய லென்ஸ் இன்றைக்குப் புதுக் கேமராவில் ஏறாது என்றால் யார்தான் திட்டமாட்டார்கள்?

இந்தக் கிளைக்கதையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் கழித்து இதற்கு வட்டியோடு கணக்குத் தீர்க்கப்படும்.

கையில் இருந்த வெண்ணெய்

2008 செப்டம்பரில் பானசோனிக், ஜி1 என்ற கேமராவை அறிவித்தது. லென்ஸ் மாற்றலாம், ஆட்டோஃபோகஸ் உண்டு, கண்ணாடி கிடையாது. 2009ல் ஒலிம்பஸ் வந்தது. 2010ல் சோனி, நெக்ஸ் என்ற வரிசையோடு வந்தது. கவனித்தீர்களா? எஸ்.எல்.ஆரில் நிக்கானிடமும் கேனனிடமும் தோற்றவர்கள்தான் முதலில் கண்ணாடியைக் கழற்றினார்கள். இழக்க ஒன்றும் இல்லாதவனுக்குத் துணிச்சல் சுலபம்.

நிக்கான் 2011 செப்டம்பரில் வந்தது. 'நிக்கான் 1' என்று வரிசைக்குப் பெயர். இங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்தக் கேமராவில் என்ன இருந்தது தெரியுமா? படச் சென்சாரிலேயே 73 புள்ளிகளில் ஃபேஸ் டிடெக்‌ஷன் ஆட்டோஃபோகஸ். ஃபோகஸைப் பூட்டிவிட்டால் எலெக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 60 படம். அன்றைய தேதிக்கு இது அசாத்தியம்! பின்னாளில் மிரர்லெஸ் கேமராக்கள் எதை வைத்து எஸ்.எல்.ஆரைச் சாய்த்தனவோ, அந்த இரண்டு ஆயுதமும் 2011லேயே நிக்கான் கையில் இருந்தன.

ஆனால் சென்சார்? 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. கால்குலேட்டரை எடுங்கள். பரப்பு சுமார் 116 சதுர மில்லிமீட்டர். 36க்கு 24 முழு ஃப்ரேம் என்றால் 864. ஏழில் ஒரு பங்குதான்! அதே ஆண்டுகளில் சோனி தன் நெக்ஸில் போட்டது எஸ்.எல்.ஆர். அளவுச் சென்சார்.

ஏன் இத்தனை சின்னது? கேமரா சின்னதாக இருக்கும், லென்ஸ் சின்னதாக இருக்கும், வேகம் கிடைக்கும் என்று காரணங்கள் சொல்லலாம். அவை பொய்யும் இல்லை. என் கருத்து வேறு. பெரிய சென்சார் போட்டிருந்தால் அது நிக்கானின் சொந்த எஸ்.எல்.ஆர். வியாபாரத்தையே கடித்திருக்கும். வீட்டுக்குப் பால் கறக்கிற மாட்டுக்குப் போட்டியாக இன்னொரு மாட்டை வளர்ப்பானேன்? ஆகவே புதுக் கன்றுக்குட்டியை வளர்த்தார்கள். ஆனால் வளரவிடாமல் வளர்த்தார்கள்.

விளைவு? எஸ்.எல்.ஆர். வாங்குகிறவன் "இதுல படம் அவ்வளவு நல்லா வராதேப்பா" என்று ஒதுக்கினான். செல்போனில் எடுக்கிறவன் "இதுக்கு எதுக்கு இவ்வளவு பணம்?" என்று ஒதுக்கினான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். 2018ல் நிக்கான் 1 வரிசையை மூடினார்கள்.

பாதி மனசு செய்யாமை-யைவிட மோசம் என்று சொன்னேனே, அது இதனால்தான். ஒன்றும் செய்யாதவனுக்கு "நாம் இன்னும் முயன்று பார்க்கவில்லை" என்ற உறுத்தலாவது இருக்கும். பாதி செய்தவனுக்குக் கையில் ஒரு ரிசல்ட் கிடைத்துவிடுகிறது. அதுவும் தப்பான ரிசல்ட். "மிரர்லெஸ் செய்து பார்த்தோம், ஓடவில்லை" என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் ஓடாதது மிரர்லெஸ் இல்லை, சின்னச் சென்சார். லேபில் தப்பாகக் கனெக்‌ஷன் கொடுத்துவிட்டு ஓம்ஸ் லா பொய் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுகிற மாதிரி!

மூணாவது ஆள் முந்தினான்

சோனிக்கு இந்தத் துறையில் தாத்தா சொத்து எதுவும் இல்லை. 2006ல் கோனிகா மினோல்டாவின் எஸ்.எல்.ஆர். தொழிலை வாங்கித்தான் உள்ளே வந்தது. எஸ்.எல்.ஆரில் என்ன செய்தும் மேலே இருந்த இரண்டு பேரையும் அசைக்க முடியவில்லை. ஆகவே ஆட்டத்தையே மாற்றியது. 2013 அக்டோபரில் ஆல்ஃபா 7: முழு ஃப்ரேம் சென்சார், கண்ணாடி கிடையாது.

அது ஒன்றும் குறையில்லாத கேமரா இல்லை. அதற்கென்று செய்த லென்ஸ்களைக் கைவிட்டு எண்ணிவிடலாம். பேட்டரி மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். ஆனால் விடவில்லை. 2014ல் சென்சாரையே அசைத்துக் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஏற்பாடு. 2017ல் ஆல்ஃபா 9: நொடிக்கு 20 படம், வியூஃபைண்டர் ஒரு கணமும் இருட்டாவதில்லை. 2018ல் ஆல்ஃபா 7 மூன்றாம் பதிப்பு: பேட்டரிக் குறையும் தீர்ந்தது. ஒவ்வொரு அரியராகக் கிளியர் செய்த பையன் மாதிரி!

இன்னொரு காரியமும் செய்தது. 2011லேயே தன் இ மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குக் கட்டணமில்லாமல் கொடுத்தது. தன்னிடம் லென்ஸ் குறைவு என்றால் ஊரே வந்து லென்ஸ் செய்யட்டும் என்று கதவைத் திறந்துவைத்தது. 2020ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் புகைப்படக்காரர்களுக்குச் சோனி என்று முடிவு செய்தது. வியட்நாமில் நிக்கானைத் தோளில் மாட்டிய பத்திரிகை உலகம் அது!

எதிர்க்கட்சியின் வாதம்

"இருப்பா, எஸ்.எல்.ஆர். அவ்வளவு மோசமா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. நிக்கான் 2017ல் கொண்டுவந்த டி850, இதுவரை வந்த எஸ்.எல்.ஆர்.களில் தலைசிறந்த ஒன்று. ஒரு சார்ஜுக்கு அதன் கணக்கு 1840 படம். மறு வருஷம் வந்த மிரர்லெஸ் இசட்7க்கு, கிட்டத்தட்ட அதே பேட்டரியில், 330 படம்! கண்ணாடி வழியாகப் பார்க்க கரண்ட் வேண்டாம். குட்டித் திரை வழியாகப் பார்க்க வேண்டும். 2011ன் குட்டித் திரைகள் வேகமாக ஓடுகிற ஆளைக் காட்டத் திணறின என்பதும் உண்மை. காத்திருந்ததில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு வாதம் இதைவிட பலமானது. கேனனும் தாமதம்தானே? அதுவும் 2012ல் இ.ஓ.எஸ். எம் என்று ஒரு அரைமனசு மிரர்லெஸ் செய்தது. முழு ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்கு நிக்கானைப் போலவே 2018தான். ஆனாலும் விற்பனையில் முதலிடம் கேனனிடமே இருந்தது. இதற்கு என்ன சொல்கிறாய்?

இங்கேதான் 1987 திரும்பி வருகிறது. 2018 ஆகஸ்டில் நிக்கான் இசட்7, இசட்6. செப்டம்பரில் கேனன் இ.ஓ.எஸ். ஆர். இரண்டு பேருமே பழைய லென்ஸை மாட்ட அடாப்டர் கொடுத்தார்கள். கேனனின் இ.எஃப். லென்ஸுக்குள் மோட்டார் இருக்கிறது, தொடர்பு மின்சாரம். அடாப்டர் என்பது கம்பி இழுத்த ஒரு குழாய், அவ்வளவுதான். 1987 லென்ஸும் புதுக் கேமராவில் ஆட்டோஃபோகஸ் செய்யும்! நிக்கானிலோ, பழைய ஸ்க்ரூ லென்ஸ்களைத் திருக மோட்டார் வேண்டும். இசட் கேமராவில் மோட்டார் இல்லை, எஃப்.டி.இசட். அடாப்டரிலும் இல்லை. வருஷக்கணக்காகக் காசு சேர்த்து அந்த லென்ஸ்களை வாங்கிய விசுவாசி, கையால் ஃபோகஸ் செய்துகொள்ள வேண்டியதுதான்.

பார்த்தீர்களா வேடிக்கையை? 1987ல் வாடிக்கையாளரை ஒரேயடியாக அழவைத்தவன் 2018ல் அழவைக்கவில்லை. அன்றைக்கு யாரையும் நோகடிக்காமல் சமாளித்தவன், கடைசியில் தன் மிகப் பழைய நண்பனைத்தான் நோகடித்தான். கேனன் தாமதத்தைத் தாங்கியதற்குப் பணபலம் ஒரு காரணம். முப்பது வருஷத்துக்கு முன்னால் முழு மனசோடு போட்ட அஸ்திவாரம் இன்னொரு காரணம் என்பேன்.

முழு மனசு எப்படி இருக்கும்?

இசட் கேமராவின் முதல் பதிப்பிலும் ஒரு கை பின்னால்தான் இருந்தது. மெமரி கார்டுக்கு ஒரே ஒரு துளை. கல்யாணப் புகைப்படக்காரர்கள் கொதித்தார்கள். கொதிக்க மாட்டார்களா? "கார்டு போயிடுச்சு சார், தாலியை இன்னொரு தடவை கட்டுங்க" என்று சொல்ல முடியுமா? 2020 அக்டோபரில் இரண்டாம் பதிப்பு வந்தபோது துளை இரண்டாயிற்று.

அந்தச் சமயத்தில் நிக்கானின் நிலைமை மோசம். தொழிலே சுருங்கியிருந்தது. 2010ல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் போன டிஜிட்டல் கேமராக்கள், 2020ல் 90 லட்சத்துக்கும் கீழே. சின்னக் கேமராக்களைச் செல்போன் விழுங்கிவிட்டது; கொரோனாவும் சேர்ந்துகொண்டது. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிக்கானின் கேமராப் பிரிவு நஷ்டம். ஜப்பானில் செண்டாய் ஆலையில் கேமராத் தயாரிப்பை நிறுத்தித் தாய்லாந்துக்கு மாற்றினார்கள். தலைவர்கள் போடுகிற கணக்கில் தப்பு வந்தால் அது கடைசியில் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்: அசெம்ப்ளி லைனில் நிற்கிறவன் தலையில். நம்மில் பல பேர் நாளைக்கு நிற்கப் போவது அந்த லைனில்தான்.

2021 அக்டோபரில் இசட்9 வந்தது. இதில் கண்ணாடியும் இல்லை, மெக்கானிக்கல் ஷட்டரும் இல்லை! சென்சார் அவ்வளவு வேகமாகப் படத்தைப் படித்துவிடுகிறது. 'க்ளிக்' சத்தம் வேண்டுமென்றால் ஸ்பீக்கரிலிருந்து வரும். நொடிக்கு 20 முழுப் படம். விலையோ எஸ்.எல்.ஆர். ராஜாவான டி6ஐவிடக் குறைவு. அது 6,500 டாலர், இது 5,500. தன் ராஜாவைத் தானே சிம்மாசனத்திலிருந்து இறக்கிவிட்டது நிக்கான். அதுதான் முழு மனசு. கம்பெனி மறுபடி மூச்சுவிட்டது அதற்குப் பிறகுதான். 2023ல் அதே சக்தி சின்ன உடம்பில் இசட்8 ஆக வந்தது.

எதை வைத்து எழுந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இசட் மவுண்ட்டின் இடைவெளி 16 மி.மீ., வாய் 55 மி.மீ. சோனியின் இ மவுண்ட் 18, 46. கடைசியாக வந்தவர் எல்லாரையும் அளந்து பார்த்துவிட்டு அகலமாக வாசல் வைத்தார். எஃப் மவுண்ட்டுக்கு ஆட்டோஃபோகஸ் உள்ள எஃப்/1.2 லென்ஸை நிக்கான் செய்ததே இல்லை. இசட்டுக்கு 2020லேயே செய்தது. இன்னொரு தமாஷ்: இசட் இடைவெளி சோனியைவிட 2 மி.மீ. குறைவு. அந்த 2 மி.மீ.க்குள் ஒரு மெல்லிய அடாப்டரைச் செருகி, சோனி லென்ஸை நிக்கானில் மாட்டச் சில கம்பெனிகள் வழி செய்துவிட்டன. இரண்டு மில்லிமீட்டர்! வெர்னியர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மெக்கா, ஈ.சி.ஈ.யா?

நம் ஹாஸ்டலில் இந்தப் பேச்சு வந்தால் ஈ.சி.ஈ. பசங்க காலரைத் தூக்கிவிட்டுக் கொள்வார்கள். "பாத்தியா, உங்க ஸ்ப்ரிங், லிவர் எல்லாத்தையும் எங்க சிப் சாப்பிட்டுடுச்சு!" நான் மெக்கானிக்கல். எனக்கு இதில் கொஞ்சம் வலி உண்டு, மறைக்கவில்லை. அத்தனை அழகான ஒரு இயந்திர அமைப்பு இனிமேல் மியூசியத்துக்குத்தான் என்றால் வலிக்காதா?

ஆனால் கணக்கை நேர்மையாகப் போடுவோம். போனவை கண்ணாடி, ஷட்டர். போகாதவை லென்ஸை நகர்த்தும் நுட்பம், வளையத்தைச் சென்சாருக்கு இணையாக நிறுத்தும் துல்லியம், தூசியும் தண்ணீரும் புகாத உடம்பு, சூட்டை வெளியேற்றும் வழி. புதிதாக வந்தது சென்சாரையே மிதக்கவிட்டு அசைக்கும் ஏற்பாடு. அது பாதி எலெக்ட்ரானிக்ஸ், பாதி மெக்கானிக்கல். 2020ல் கேனன் ஆர்5 என்ன சிக்கலில் மாட்டியது? 8கே வீடியோ எடுத்தால் சூடாகி நின்றது. சிப் சரியாகத்தான் இருந்தது. சூடு போக வழி போதவில்லை. அந்த வேலை யாருடையது? எங்களுடையது!

ஆகவே சண்டை துறைகளுக்கு நடுவில் இல்லை. ஒரு பாகத்தைச் செய்யக் கற்றவனுக்கும், அந்தப் பாகம் எதற்காக இருக்கிறது என்று கற்றவனுக்கும் நடுவில்தான். கண்ணாடியை மட்டும் செய்யத் தெரிந்தவனுக்கு 2018க்குப் பிறகு வேலை இல்லை. 'வெளிச்சத்தை ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்' என்பதற்காகத்தான் அந்தக் கண்ணாடி என்று தெரிந்தவனுக்கு எப்போதும் வேலை உண்டு.

நமக்குள்ளேயும் ஒரு நிக்கான் 1

கடைசியாக, என் சக மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் அநேகம் பேர் ஆளுக்கொரு நிக்கான் 1 வைத்திருக்கிறோம். "சி.என்.சி. கத்துக்கிட்டேன்" என்போம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி ஃபைலில் வைத்திருப்போம். "புரோகிராமிங் ட்ரை பண்ணேன், எனக்கு வரல" என்போம்; மொத்தம் மூன்று மாலை உட்கார்ந்திருப்போம். மிச்சம் இருந்த நேரத்தை, மிச்சம் இருந்த மனசைக் கொடுத்துவிட்டு, வரவில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு வாழ்நாள் முழுக்கக் கூட வருகிறது. மூன்று மாலையில் தோற்றது புரோகிராமிங்கா, நாமா?

எல்லாப் புதுசின் பின்னாலும் ஓடு என்று நான் சொல்ல மாட்டேன். பென்டாக்ஸ் கம்பெனி 2020ல் "நாங்கள் எஸ்.எல்.ஆர்.தான் செய்வோம்" என்று வெளிப்படையாகச் சொல்லி, 2021ல் புது எஸ்.எல்.ஆரும் கொண்டுவந்தது. சின்னக் கடைதான், ஆனால் அதுவும் முழு மனசுதான். அவர்களை மதிக்கிறேன். பழசில் நிற்பதாக இருந்தால் முழுசாக நில்லுங்கள். புதுசுக்குப் போவதாக இருந்தால் நல்ல சென்சாரைப் புதுசுக்குக் கொடுங்கள். நல்லதைப் பழசுக்கு ஒதுக்கிவிட்டு, ஏழில் ஒரு பங்கைப் புதுசின் தட்டில் போட்டுவிட்டு, "பார், இது தேறாது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இறுதியாண்டு முடிக்கப் போகிறவர்களே, புராஜெக்ட் தலைப்புக் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. சீனியர் செய்த பழைய புராஜெக்ட்டின் அட்டையை மட்டும் மாற்றலாம் என்று யாராவது நினைத்திருந்தால், அந்தக் கண்ணாடியை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்!

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்